பழந்தின்னி தூக்கிச் செல்வது

பழந்தின்னி வௌவால் வந்துபோன மரத்தை அறிய இரவில் கண்விழிக்கத் தேவையில்லை. மறுநாள் காலை மரத்தடியைப் பார்த்தால் போதும். பாதி கடித்த பழங்களும் பல் பதிந்த தோலும் கிடக்கும். அவற்றுக்கு நடுவே, நசுங்கித் தட்டையான சிறு சிறு சக்கை உருண்டைகள். ஒன்றைக் குச்சியால் கிளறினால் உள்ளே வெறும் நார்தான். சாறு என்று சொல்ல ஒரு சொட்டு மிஞ்சியிருக்காது.

வௌவாலின் மேல் அண்ணத்தில் குறுக்குவாட்டில் வரிவரியாக மேடுகள் உண்டு. பழத்தைக் கடித்து வாய்க்குள் வாங்கியதும் நாக்கு அதை அந்த மேடுகளோடு வைத்து அழுத்துகிறது. சாறும் குழைந்த சதையும் தொண்டைக்குள் இறங்குகின்றன. நாரையும் தோலையும் வாயிலேயே திரட்டித் துப்பிவிடுகிறது. விதை பெரியதென்றால் அதுவும் வெளியேதான். ஆல், அரசு, அத்தி ஆகியவற்றின் பொடி விதைகள் மட்டும் சாறோடு கலந்து உள்ளே போகும். போனவையும் அதிக நேரம் தங்குவதில்லை. ஒரு மணி நேரத்துக்குள், பல வேளைகளில் அரை மணியிலேயே, எச்சமாக வெளியேறிவிடுகின்றன. பறக்கும் விலங்குக்கு எடைதான் முதல் கணக்கு. நாரைச் சுமந்து திரிவதில் செலவாகும் சக்தி, அந்த நாரிலிருந்து கிடைப்பதைவிட அதிகம். அதனால் சாறு போதும் என்று விட்டுவிடுகிறது.

துப்புகிற வாய், வேகமான குடல், நெடுந்தொலைவு போகும் சிறகு. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த விலங்கு பிடிபடும். காட்டுக்கு இது செய்யும் நன்மையும், அண்மை ஆண்டுகளில் இதன் பெயரோடு ஒட்டிக்கொண்ட அச்சமும் இந்த மூன்றிலிருந்தே வருகின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிட முடியாது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அந்தி மங்கும் நேரத்தில் ஊருக்கு மேலே நிதானமாகச் சிறகடித்துப் போகிற பெரிய வௌவால் இது. நூல்களில் இந்தியப் பழந்தின்னி வௌவால் என்று எழுதுகிறார்கள். நீண்ட மூக்கும் பெரிய கண்ணும் செம்பழுப்பு முகமும் நரியை நினைவுபடுத்துவதால் பறக்கும் நரி என்ற பெயரும் உண்டு. இப்போதைய அறிவியல் பெயர் டெரோபஸ் மீடியஸ். சில ஆண்டுகளுக்கு முன்புவரை டெரோபஸ் ஜைகாண்டியஸ் என்றே வழங்கியது. பழைய புத்தகங்களில் தேடுகிறவர்கள் இரண்டும் ஒன்றென்று கொள்ளலாம். சிறகை விரித்தால் ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை 1.2 முதல் 1.5 மீட்டர் வரும். எடை 600 கிராமில் தொடங்கி ஒன்றரை கிலோவரை போகும். இந்தியாவில் இதைவிடப் பெரிய வௌவால் கிடையாது. பாகிஸ்தானிலிருந்து மியான்மர் வரையிலும், நேபாளம், பூட்டான், வங்கதேசம், இலங்கை, மாலத்தீவு ஆகிய நாடுகளிலும் வாழ்கிறது.

இதன் பேரினத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தீவுவாசிகள். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் தீவு தீவாகப் பரவிய இந்தப் பேரினம் ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் காலூன்றவே இல்லை. தான்சானியக் கரையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெம்பா தீவில் ஓர் இனம் இருக்கிறது. கரையில் ஒன்றுகூட இல்லை. தீவில் வாழ்வதன் விலையையும் இவை கொடுத்திருக்கின்றன. மொரிஷியஸ், ரீயூனியன் தீவுகளில் வாழ்ந்த ஒரு சிறிய இனம் 19ஆம் நூற்றாண்டிலேயே அழிந்தது. குவாம் தீவின் சிறிய இனம் 1968க்குப் பிறகு கிடைக்கவில்லை. நம்முடையது தப்பித்துக்கொண்டிருப்பதற்குப் பெரிய காரணம், அதற்கு ஒரு துணைக்கண்டம் முழுவதும் மரங்கள் இருந்ததுதான்.

வௌவாலுக்குக் கண் தெரியாது என்று சொல்வார்கள். பழந்தின்னிக்கு அது கொஞ்சமும் பொருந்தாது. பூச்சி தின்னும் வௌவால்களைப்போல் தொண்டையிலிருந்து மீயொலி எழுப்பி, எதிரொலி கேட்டு வழி அறியும் வித்தை இதற்குக் கிடையாது. கண்ணையும் மூக்கையும் நம்பியே இரவைக் கடக்கிறது. அந்தக் கண்ணின் அமைப்பு பாலூட்டிகளில் வேறெங்கும் காணாதது. நம் விழித்திரை வழவழப்பாகப் பரவியிருக்கும். பழந்தின்னியின் விழித்திரைக்குப் பின்னாலுள்ள இரத்தக்குழாய்ப் படலம், பலாப்பழத்தின் தோலைப்போல் ஆயிரக்கணக்கான சிறு முனைகளாகத் துருத்தி நிற்கிறது. ஒளியை உணரும் செல்கள் அந்த முனைகளின் சரிவுகளில் ஏறியும் இறங்கியும் படிந்திருக்கின்றன. விழித்திரைக்குள் தனியாக இரத்தக்குழாய்கள் ஓடுவதில்லை. பின்னாலிருந்து நீளும் இந்த முனைகள் வழியாகத்தான் அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. இதை விரிவாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஜெர்மானிய விலங்கியலாளர் கெர்ஹார்ட் நாய்வைலர். 1960களில் இந்த வௌவாலின் கண்ணையும், பிறகு அதன் கூட்டு வாழ்க்கையையும் அவர் ஆய்வு செய்தார்.

கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புப் பாதை குரங்கினத்தின் பாதையை ஒத்திருந்ததால், 1986இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜான் பெட்டிகுரு ஒரு துணிச்சலான கருத்தை முன்வைத்தார். பழந்தின்னிகள் மற்ற வௌவால்களுக்கு உறவே அல்ல, குரங்குகளின் வழியில் வந்து தனியாகப் பறக்கக் கற்றவை என்றார். சில ஆண்டுகள் சூடான விவாதம் நடந்தது. மரபணுச் சான்றுகள் வந்தபோது அது நிற்கவில்லை. பழந்தின்னிக்கு நெருங்கிய உறவு, எதிரொலியில் கைதேர்ந்த லாடமூக்கு வௌவால்கள்தான். தவறிய கருத்து என்றாலும், இந்தக் கண் எவ்வளவு வியப்புக்குரியது என்பதை உலகம் கவனிக்க அது ஒரு காரணமாயிற்று.

பகலில் இவற்றுக்கு மறைவிடம் வேண்டியதில்லை. குகையையோ கோபுர இடுக்கையோ தேடாமல், திறந்த வெளியில் உயரமான மரத்தில் நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரக்கணக்கில், தலைகீழாகத் தொங்குகின்றன. ஆல், அரசு, புளி, மருது, இலுப்பை, மா என்று பெரிய மரம் எதுவானாலும் சரி, யூகலிப்டஸில்கூடத் தங்கும். பக்கத்தில் குளமோ ஆறோ இருந்தால் விருப்பம். ஒருமுறை பிடித்துப்போன மரத்தைத் தலைமுறை தலைமுறையாக விடுவதில்லை. தொங்குவதற்குத் தசையை முறுக்க வேண்டியதும் இல்லை. உடலின் எடை இழுக்கும்போதே கால்விரல் தசைநாண் பூட்டிக்கொண்டு நகங்கள் கிளையைக் கவ்விக்கொள்கின்றன. சிறுநீர் கழிக்க வேண்டுமானால் மட்டும் கட்டைவிரல் நகங்களால் கிளையைப் பற்றி, தலை மேலாகத் திரும்பிக்கொள்ளும். தன்மேல் படாமல் காத்துக்கொள்வதில் அதற்கு அத்தனை கவனம்.

பகல் முழுக்கத் தூங்குகிறது என்பதும் சரியில்லை. மரத்தடியில் அரை மணி நின்றால் தெரியும். ஒன்று சிறகை நாவால் துடைக்கும். இன்னொன்று பக்கத்திலிருப்பதைக் கட்டைவிரலால் குத்தி விரட்டும். வெயில் ஏறினால் மரமே அசைவதுபோல் எல்லாம் சேர்ந்து சிறகால் விசிறிக்கொள்ளும். மேலும் சூடானால் நெஞ்சிலும் சிறகிலும் எச்சிலைத் தடவி, அது உலரும் குளிர்ச்சியில் பிழைக்கும். மாலையில் கிளம்பும்போது சில நேராகக் குளத்துக்கு வரும். தாழப் பறந்து, வயிறும் நெஞ்சும் நீரில் உரசிப் போக, பிறகு எங்காவது தொங்கியபடி நனைந்த மயிரை நக்கித் தாகம் தீர்த்துக்கொள்ளும்.

மரத்தில் யார் எங்கே தொங்குவது என்பதற்கும் ஒழுங்கு உண்டு. 1969இல் நாய்வைலர் வெளியிட்ட ஆய்வின்படி, ஆண்களிடையே அதிகாரம் மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டிருக்கிறது. வலிமை மிக்கவை உயரத்திலுள்ள நல்ல இடங்களைப் பிடித்துக்கொள்கின்றன, தாழ்ந்தவை கீழ்க்கிளைகளில். அவரவர் இடத்தை அவரவர் தினமும் காத்துக்கொள்கிறார்கள். விடியலில் மரத்தடியில் கேட்கும் கீச்சொலியில் பெரும்பங்கு இந்த இடத்தகராறுதான்.

இணைசேர்வது பெரும்பாலும் ஜூலை முதல் அக்டோபர் வரை. சுமார் ஐந்து மாதக் கருக்காலத்துக்குப் பிறகு, பிப்ரவரி முதல் மே வரை குட்டிகள் பிறக்கின்றன. ஆண்டுக்கு ஒன்றே ஒன்று. முதல் சில வாரங்கள் குட்டி தாயின் மார்பைக் கவ்வியபடி அவளோடே பறக்கும். கனம் கூடியதும் தாய் அதை மரத்தில் விட்டுவிட்டு இரை தேடப் போவாள். பால் மறக்க ஐந்து மாதம்வரை ஆகும். கூண்டில் வளர்ந்த ஒரு பழந்தின்னி 30 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்திருக்கிறது. ஆண்டுக்கு ஒரு குட்டி, நீண்ட ஆயுள் என்ற இந்த ஏற்பாடு பெரியவை பிழைத்திருக்கும்வரை நன்றாக நடக்கும். பத்து தாய்களைச் சுட்டுவிட்டால் எலியைப்போல் சட்டென்று ஈடுசெய்ய இதற்கு வழியில்லை.

இனி சக்கைக்கும் விதைக்கும் வருவோம். எனக்கு இந்த விலங்கின்மேல் பெருமதிப்பு வந்தது இதைப் பற்றிப் படித்தபோதுதான்.

பழம் பறித்த மரத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் தின்ன இதற்கு முடிவதில்லை. அங்கே ஏற்கெனவே இடம் பிடித்த வௌவால்கள் விரட்டும். அதனால் ஒரு பழத்தைக் கவ்விக்கொண்டு வேறொரு மரத்துக்குப் போகிறது. விதை அங்கே விழுகிறது. தாய்மரத்தின் நிழலில் விழும் விதைக்கு வெளிச்சம் குறைவு, பூச்சியும் பூஞ்சையும் அதிகம். சில நூறு மீட்டர் தள்ளி விழுந்ததற்கு வாழ்வு கிடைக்கிறது. இலுப்பை, புன்னை, நாட்டு வாதுமை ஆகியவற்றின் கொட்டையைத் தூக்கும் வலு சிறு பறவைகளுக்குக் கிடையாது. பழந்தின்னிக்கு அது பாரமே இல்லை. அத்தி, ஆல் விதைகளோ குடலுக்குள் பயணம் செய்கின்றன. பறவைகள் பெரும்பாலும் கிளையில் அமர்ந்து எச்சமிடும். பழந்தின்னி பறந்துகொண்டே இடும். மரமே இல்லாத வெட்டவெளியின் மேலும் விதை விழுவது அதனால்தான். ஓர் இரவில் பத்து இருபது கிலோமீட்டர் சாதாரணமாகப் போய்வரும் இந்தச் சிறகுதான், வெட்டப்பட்டுத் துண்டு துண்டாகக் கிடக்கும் காடுகளுக்கு நடுவே விதையைக் கொண்டுபோகிறது.

கேரளத்தில் முந்திரிச் சாகுபடிக்காரர்கள் சிலர் வௌவால் தங்கும் மரங்களுக்கு அடியில் போய்க் கொட்டை பொறுக்குகிறார்கள். முந்திரிப் பழத்தின் சாற்றை வௌவால் குடித்துவிட்டது; கொட்டை சேதமில்லாமல் கீழே கிடக்கிறது. பறிக்கும் கூலியும் மிச்சம். ஆய்வாளர்கள் அவர்களிடம் பேசியபோது, வௌவாலைப் பகையாகப் பார்க்காதவர்களே அதிகம் இருந்தார்கள்.

பூக்களின் கதை இன்னும் அழகு. இலவமரம் இலையை உதிர்த்துவிட்டுப் பூக்கும், பூக்கள் மாலையில் விரியும், தேன் ஏராளம். இவை வௌவாலை எதிர்பார்த்து நிற்கும் மரத்தின் அடையாளங்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வகைப் பழந்தின்னிகள் இலவம்பூவின் தேனைக் குடித்து மகரந்தத்தைச் சுமப்பதைப் பதிவு செய்தார்கள். அவற்றில் மிகப் பெரியது நம்முடையது. இலுப்பையின் சதைப்பற்றான, இனிக்கும் பூவையும் இரவில் இவை தேடி வருகின்றன. கோயில் விளக்குக்கு எண்ணெய் கொடுத்த மரம் இலுப்பை. அதன் பூவைத் தொட்டுக் காயாக்குவதிலும், கொட்டையை அடுத்த ஊருக்கு எடுத்துப் போவதிலும் வௌவாலுக்குப் பங்கு இருக்கிறது.

இவ்வளவு செய்யும் விலங்கை நம் சட்டம் நீண்டகாலம் எப்படிப் பார்த்தது தெரியுமா? 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில், எலி, சுண்டெலி, காகம் ஆகியவற்றோடு பழந்தின்னி வௌவால்களும் தீங்குயிர்ப் பட்டியலில் இருந்தன. யாரும் கொல்லலாம்; அனுமதி வேண்டாம். பின்னாளில் விலக்குப் பெற்ற பழந்தின்னி ஒன்று உண்டு: சாலிம் அலி பழந்தின்னி. தேனி மாவட்டத்து மேகமலையில் 1948இல் கிடைத்த ஒரு வௌவாலை முதலில் சாதாரண இனமென்றே வைத்திருந்தார்கள். 1972இல் தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தொங்லோங்யா அது தனிப் பேரினம் என்று கண்டுபிடித்து, பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரை வைத்தார். அந்தச் சிறு மலைவாசிக்குக் கிடைத்த பாதுகாப்பு ஊர் மரத்துப் பெரிய வௌவாலுக்குக் கிடைக்கவில்லை. 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் அந்தத் தீங்குயிர் அட்டவணையே இல்லாமல் போயிற்று. ஐம்பது ஆண்டு தாமதம். ஆனாலும் நல்ல திருத்தம்.

சட்டம் கைவிட்ட காலத்தில் ஊர்கள் கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் சில ஊர்களில் வௌவால் மரத்துக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. மதுரை வட்டாரத்துப் புளியங்குளத்தில் ஆலமரத்து வௌவால்களை முனி காக்கிறார் என்ற நம்பிக்கையால் யாரும் அவற்றைத் தொடாமல் இருந்ததைப் பற்றி விலங்கியலாளர் ஜி. மாரிமுத்து 1988இல் எழுதினார். இலங்கையில் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் உயர்ந்த மரங்களில் பெருங்கூட்டமாகத் தொங்குவதும் இதே இனம்தான்.

மறுபக்கம், இதன் கறி ஆஸ்துமாவுக்கு மருந்து என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. அதற்கு எந்த மருத்துவச் சான்றும் இல்லை. பழத்தோட்டக்காரர்களின் கோபத்துக்காவது காரணம் இருக்கிறது: கொய்யாவும் சப்போட்டாவும் மாவும் பழுக்கும் பருவத்தில் இழப்பு உண்மையானது. ஆனால் கொல்வது அதற்கு மருந்தாகவில்லை. மொரிஷியஸ் அரசு லிச்சியையும் மாம்பழத்தையும் காப்பாற்ற 2015 முதல் தன் நாட்டுப் பழந்தின்னியை ஆயிரமாயிரமாகச் சுட்டுக் கொன்றது. பழ விளைச்சல் கூடவில்லை. 2018இல் அந்த இனம் அழியும் அபாயத்திலுள்ளவற்றின் பட்டியலுக்குத் தள்ளப்பட்டதுதான் மிச்சம். இறுக்கமாகக் கட்டிய வலை வேலை செய்கிறது. தளர்ந்து தொங்கும் வலையில் சிறகு சிக்கி வௌவால் செத்துப்போகும், பழமும் தப்பாது.

துப்பாக்கியைவிட இப்போது அதிகம் கவலை தருபவை வேறு. சாலை விரிவாக்கத்தில் போகும் புளியமரமும் ஆலமரமும் வெறும் நிழல்மரங்கள் அல்ல. அவற்றில் ஒரு கூட்டத்தின் முழு வசிப்பிடமே போய்விடலாம். மின்கம்பிகள் இன்னொன்று. ஒன்றேகால் மீட்டர் சிறகு ஒரே நேரத்தில் இரண்டு கம்பிகளைத் தொட்டுவிடுகிறது. பல ஊர்களில் கம்பியில் கருகித் தொங்கும் வௌவாலைப் பார்க்கலாம்; இலங்கையில் இதை முறையாகக் கணக்கெடுத்து ஆய்வே செய்திருக்கிறார்கள். கம்பிகளுக்கு இடையிலான தூரத்தைக் கூட்டினாலோ, உறையிட்ட கம்பி போட்டாலோ இது குறையும். பிறகு வெப்பம். 2020 மே மாதம் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் மாவட்டத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வௌவால்கள் ஒரே நேரத்தில் மரத்தடியில் செத்துக் கிடந்தன. கொரோனா அச்சம் உச்சத்திலிருந்த நேரம். ஊரே கலங்கியது. பரேலியில் உள்ள இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் பரிசோதித்துச் சொன்ன காரணம் கடும் வெயில். ஆஸ்திரேலியாவில் 2018 நவம்பரில் கெய்ன்ஸ் பகுதியில் இரண்டு நாள் வெப்ப அலையில் சுமார் 23,000 பழந்தின்னிகள் இறந்தன. விசிறிக்கொள்ளவும் எச்சில் தடவிக்கொள்ளவும் தெரிந்த உடலுக்கும் ஓர் எல்லை இருக்கிறது.

நிபா வைரஸ் பற்றிப் பேசாமல் இந்த வௌவாலைப் பற்றி இன்று எழுத முடியாது. தவிர்ப்பது நேர்மையும் அல்ல.

1998-99இல் மலேசியாவில், பழமரங்களுக்கு அடியிலேயே பெரிய பன்றிப் பண்ணைகள் இருந்தன. பழந்தின்னி கடித்துப் போட்ட பழம் கொட்டிலுக்குள் விழுந்தது. பன்றி தின்றது. பன்றியிலிருந்து மனிதர்களுக்குப் பரவி 265 பேர் நோயுற்றார்கள். 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. விதையைத் தூவிய அதே வாய், அதே பாதிப் பழம். இடையில் மாறியது ஒன்றுதான்: பழம் விழும் இடத்தில் நாம் பண்ணை வைத்திருந்தோம். 2018இல் கேரளத்தின் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் நிபா 17 உயிர்களைக் குடித்தது. முதலில் அங்கே ஒரு கிணற்றில் இருந்த பூச்சி தின்னும் வௌவால்களைப் பிடித்துப் பார்த்தார்கள். அவற்றில் எதுவும் இல்லை. பிறகு அந்தப் பகுதியின் பழந்தின்னிகளைப் பரிசோதித்தபோது சிலவற்றில் வைரஸ் இருந்தது.

வைரஸ் இருந்தும் வௌவால் நோயுறாமல் இருப்பதற்கும் பறத்தலுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பறக்கும்போது உடலின் இயக்கம் பல மடங்கு உயர்ந்து செல்களுக்குச் சேதம் உண்டாகிறது. அதைப் பொறுத்துக்கொள்ள, உடலின் அழற்சி எதிர்வினை பரிணாமத்தில் மட்டுப்படுத்தப்பட்டது. வைரஸை அடக்கி வைத்திருக்கிறது, ஆனால் அதற்காகத் தன் உடலையே எரித்துக்கொள்வதில்லை. நிபாவில் மனிதர்களைக் கொல்வது பெரிய அளவில் நம் உடலின் அந்த எரிதலும்தான். எல்லா வௌவாலும் எப்போதும் வைரஸைக் கக்கிக்கொண்டிருப்பதாகவும் நினைக்க வேண்டாம். வங்கதேசத்தில் ஆறு ஆண்டுகள் தொடர்ந்து இந்த இனத்தைக் கண்காணித்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. ஒரு கூட்டத்தின் எதிர்ப்பாற்றல் காலப்போக்கில் தேய்ந்து, மீண்டும் தொற்று பரவி, மீண்டும் அடங்குவதை அது காட்டியது. எந்தக் குறிப்பிட்ட நேரத்திலும் வைரஸை வெளியேற்றுபவை மிகச் சிலவே.

அப்படியென்றால் விரட்டிவிட்டால் என்ன, கொன்றுவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு இரண்டு அனுபவங்களைச் சொல்லலாம். உகாண்டாவின் கிடாக்கா சுரங்கத்தில், மார்பர்க் வைரஸுக்குப் பயந்து அங்கிருந்த எகிப்தியப் பழந்தின்னிகளை ஒழித்தார்கள். சில ஆண்டுகளில் புதிய கூட்டம் குடியேறியது. அதில் தொற்றுள்ளவற்றின் விகிதம் முன்பைவிட இரு மடங்குக்கும் மேல். 2012இல் பக்கத்து நகரத்தில் நோய் வெடித்தது. இரண்டாவது ஆஸ்திரேலியா. அங்கே கறுப்புப் பழந்தின்னியிலிருந்து குதிரைகளுக்குத் தாவும் ஹெண்ட்ரா வைரஸ் பற்றி 25 ஆண்டுத் தரவுகளை அலசிய ஆய்வு 2022இல் வந்தது. குளிர்காலத்தில் பூக்கும் காடுகள் அழிந்து பட்டினி வந்தபோது, வௌவால்கள் சிறு கூட்டங்களாகப் பிரிந்து ஊருக்குள்ளும் பண்ணைக்குள்ளும் வந்தன. அப்போதுதான் வைரஸ் தாவியது. எஞ்சிய காட்டில் நன்றாகப் பூத்த குளிர்காலங்களில் வௌவால்கள் அங்கே போய்விட்டன, தாவலும் நின்றது. வௌவாலுக்கு இரை உள்ள காடு நமக்கும் காப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நாம் செய்யக்கூடியது இடைவெளியைக் காப்பது. வௌவாலோ அணிலோ கடித்த பழத்தைத் தின்ன வேண்டாம். விழுந்து கிடக்கும் வௌவாலையோ குட்டியையோ வெறுங்கையால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லலாம். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கூட்டம் தங்கும் மரத்தைக் கல்லெறிந்தோ வெடி வைத்தோ கலைக்கக் கூடாது. கலைந்த கூட்டம் பல இடங்களுக்குச் சிதறும், பதற்றத்தில் இருக்கும், மனிதர்களுக்கு இன்னும் அருகில் வரும்.

இடைவெளியைக் காப்பது வங்கதேசத்தில் எப்படி நடந்தது என்று பார்க்கலாம். குளிர்காலத்தில் அங்கே ஈச்சமரத்தின் தலைப்பகுதியைச் சீவி, வழியும் சாற்றை இரவெல்லாம் கலயத்தில் இறக்குவார்கள். அதிகாலையில் பச்சையாகவே குடிப்பார்கள். அகச்சிவப்புக் கேமரா வைத்தபோது, பழந்தின்னிகள் வந்து சீவிய இடத்தை நக்குவதும் சில வேளை கலயத்துக்குள்ளேயே சிறுநீர் விடுவதும் பதிவாயின. நிபா மனிதர்களுக்கு வந்த முக்கிய வழி அதுதான். அந்த ஊர்க்காரர்களிடமே ஓர் உபாயம் இருந்தது: மூங்கில் பிளாச்சில் பின்னிய ஒரு தட்டியைச் சீவிய இடத்தையும் கலயத்தின் வாயையும் மறைத்துக் கட்டுவது. ஆய்வாளர்கள் அதைச் சோதித்தார்கள். வௌவால்கள் வழக்கம்போல் மரத்துக்கு வந்தன. தட்டி முழுதாக மூடியிருந்த மரங்களில் சாற்றைத் தொட முடியாமல் திரும்பின. அதே சாற்றைக் காய்ச்சி வெல்லமாக்கி உண்பவர்களுக்குத் தட்டிகூட வேண்டியதில்லை. கொதியில் வைரஸ் தங்காது.